என் லீவர் ரைஃபிள்கள்: ஹென்றியிலிருந்து மார்லின் 336 வரை

இந்த வருடம் மட்டும் மூன்று நண்பர்கள் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். இருவர் இங்கே பென்சில்வேனியாவில், ஒருவர் டெக்சாஸில். மூவருமே கிரீன் கார்டு கைக்கு வந்தபின் வேட்டை வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடுத்தவர்கள். "லீவர் ரைஃபிள் ஒன்று வாங்கணும், எதை வாங்கலாம்?" போனில் அரைமணி நேரம் பேசித் தீர்கிற விஷயம் இல்லை. 2009-லிருந்து ஐந்து வாங்கியிருக்கிறேன். இரண்டு கைமாறிப் போயின, மூன்று இன்றும் பூட்டிய பெட்டகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எப்படி இருந்தது என்று இங்கே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே பறக்கும், மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். 1860-ல் ஹென்றி ரைஃபிள் வந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பக்கத்து ஊரான சிவகாசியிலிருந்து வந்த கௌபாய் காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்தவன் நான். 'வின்செஸ்டர்' என்ற சொல்லைத் தமிழில்தான் முதலில் படித்தேன். படத்தில் அந்த வளையத்தை மட்டும் நோட்டில் திரும்பத் திரும்ப வரைந்து பார்ப்பேன். நிஜமாக ஒரு ரைஃபிளைத் தொட்டது மதுரையில் கல்லூரி என்.சி.சி.யில். பாயிண்ட் 22, அதாவது சின்னத் தோட்டா போடுகிறது, தரையில் குப்புறப் படுத்து 25 கெஜத்தில் ஐந்து ரவுண்டு. தோள் வலிக்கவே இல்லை. ஆனால் அன்று முழுக்க வலது கையை முகர்ந்துகொண்டே இருந்தேன், எண்ணெயும் வெடிமருந்தும் கலந்த அந்த வாசனைக்காக.

பென்சில்வேனியாவில் லீவர் ரைஃபிளுக்கு ஒரு தனி நியாயம் உண்டு. இங்கே மான் வேட்டைக்கு செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டா தானாகவே ஏறுகிற ரைஃபிள், அனுமதி இல்லை. போல்ட் ஆக்‌ஷன் (கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிற வகை) எடுக்கலாம், எடுப்பவர்களே அதிகம். ஆனால் வடக்கே பாட்டர் கவுண்டி, டியோகா கவுண்டிப் பக்கம் மலைக்காட்டில் நடந்து பாருங்கள். இடுப்பளவுக்கு மவுன்டன் லாரல் புதர், மேலே ஹெம்லாக் மரம். 70 கெஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. அங்கே 300 கெஜம் சுடுகிற நீளக்குழல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. தட்டையான, குட்டையான, ஒரு கையில் அடங்குகிற ஒன்று வேண்டும்.

முதலில் வாங்கியது ஹென்றி எச்001, பாயிண்ட் 22. 2009-ல் புதிதாக, 280 டாலருக்கு. இந்தக் கம்பெனிக்கும் 1860-ன் ஹென்றிக்கும் பெயர்தான் ஒற்றுமை. இது 1996-ல் புரூக்ளினில் தொடங்கியது. வாங்கலாமா என்று கேட்டால் யோசிக்காமல் ஆமாம் என்பேன். பெட்டியிலிருந்து எடுத்த அன்றே லீவர் வெண்ணெயாக இறங்கியது. குழலுக்குக் கீழே இருக்கும் பித்தளைக் குழாயைத் திருகி மேலே இழுத்து, தோட்டா வடிவத்திலேயே வெட்டிய துளை வழியாகப் பதினைந்து ரவுண்டைப் போட்டு, குழாயை மறுபடி இறக்கிவிட வேண்டியதுதான். ரிசீவரின், அதாவது எந்திரம் அடங்கிய நடுப்பெட்டியின், மேல்மூடி எஃகு இல்லை, வண்ணம் பூசிய அலாய். அதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். 15 வருடத்துக்கு மேல் ஆகிறது, எனக்கு அதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. என் மகள் 12 வயதில் சுடக் கற்றுக்கொண்டது இதில்தான். ஒவ்வொரு ரவுண்டுக்கும் லீவரை இழுத்தாக வேண்டும் என்பதால் பிள்ளைகள் அவசரப்படுவதில்லை. சுட்டார்கள், இழுத்தார்கள், மூச்சு விட்டார்கள், பிறகுதான் அடுத்தது. கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

அடுத்தது ஆசைப்பட்டு வாங்கியது: வின்செஸ்டர் 94, 1957-ல் செய்தது, .30-30 தோட்டாவுக்கானது. 2011-ல் 575 டாலர் கொடுத்தேன். ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்த ரைஃபிள் 70 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. 1964-ல் செலவைக் குறைக்க உற்பத்தி முறையை மாற்றினார்கள். அதனால்தான் பழைய துப்பாக்கி விற்கும் கடைகளில் இன்றும் '64-க்கு முன்னா, பின்னா' என்பதே முதல் கேள்வி. வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலையை 2006-ல் மூடிவிட்டார்கள். இப்போது 94 ஜப்பானில் மிரோகு நிறுவனத்தில் தயாராகிறது.

கையில் எடுத்து நடப்பதற்கு 94-க்கு நிகர் இல்லை, இதை உறுதியாகச் சொல்கிறேன். ரிசீவருக்குச் சற்று முன்னால் உள்ளங்கையை வைத்தால் தராசு முள்போல நிற்கும். பக்கவாட்டில் மூன்று விரல் அகலம்கூட இராது. லீவரைத் திறந்தால் அடிப்பாகம் முழுவதும் ஒரு கதவுபோலக் கீழே இறங்கும், எந்திரத்தின் குடலே கண்ணுக்குத் தெரியும். முதல் மாதம் சுடவே இல்லை, வெறுமனே திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் வெற்றுக்கூட்டை இது நேர் மேலே எறியும். சூடான பித்தளை ஒருமுறை சட்டைக் காலருக்குள் விழுந்து கழுத்தில் காசு அளவுக்குத் தழும்பு. அதுகூடப் பரவாயில்லை. மேலே எறிவதால் குழலுக்கு நேர் மேலே தொலைநோக்கி பொருத்த முடியாது என்பதுதான் விஷயம். எனக்கு 44 வயதானபோது வெள்ளெழுத்து வந்தது. குறிபார்க்கிற பின்பக்க சைட்டின் வெட்டு மங்கிவிட்டது. முன் சைட்டின் மணி தெளிவாகத் தெரிந்தால் பின்னது புகை, பின்னது தெரிந்தால் முன்னது புகை. 2014-ல், விடிந்த கொஞ்ச நேரத்தில், ஒரு ஆண் மான் 50 கெஜத்தில் வந்து நின்றது. ஒரு பக்கக் கொம்பில் மூன்று கிளை இருந்தால்தான் சுடலாம் என்பது அந்தப் பகுதி விதி. கிளையை எண்ணிவிட்டேன், நான்கு. சைட்டை மட்டும் சேர்க்க முடியவில்லை. நிச்சயமில்லாமல் சுடக்கூடாது என்று துப்பாக்கியை இறக்கிவிட்டேன். மான் போய்விட்டது. 2016-ல் அந்த 94-ஐ விற்றேன். வாங்கியவர் 23 வயது இளைஞர், நல்ல கண். ஓட்டை வழியாகப் பார்க்கிற பீப் சைட் ஒன்றைப் பொருத்திவிட்டு வைத்துக்கொண்டிருக்கலாம் என்று பிறகுதான் புரிந்தது. இன்றும் வருத்தம்தான்.

நடுவில் 2013-ல் புத்தம் புதிதாக ஒரு .44 மேக்னம் லீவர் ரைஃபிள் வாங்கினேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முன் சைட் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி. நாலு ரவுண்டு ஒழுங்காக ஏறும், ஐந்தாவது பாதி வழியில் நின்றுவிடும். திருப்பி அனுப்பி ஒன்பது வாரம் காத்திருந்தேன், வந்தது, அதே ஐந்தாவது ரவுண்டில் அதே இடத்தில் நின்றது. குறையைச் சொல்லியே நஷ்டத்துக்கு விற்றேன். அதிலிருந்து ஒரு பழக்கம்: பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, மருந்தில்லாத டம்மி தோட்டாக்களை மேகசின் (தோட்டாக்கள் வரிசையாக நிற்கிற அறை) நிறையப் போட்டு, லீவரை மெதுவாக ஒரு சுற்று, வேகமாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பேன். விடாதவரிடம் வாங்க மாட்டேன்.

சாவேஜ் 99 வேறு ஜாதி. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த ஆர்தர் சாவேஜ் வடிவமைத்தது, 1899-ன் மாடல். மற்ற லீவர் ரைஃபிள்கள் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் பின்னால் ஒன்றாக வரிசையாகப் படுத்திருக்கும். அதனால் கூர்முனைத் தோட்டா போடக்கூடாது. உதையில் பின்னாலிருக்கும் தோட்டாவின் முனை முன்னாலிருப்பதன் பிரைமரை (தோட்டாவின் அடியில், அடி பட்டால் தீப்பிடிக்கிற பகுதி) குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். தட்டை மூக்குத் தோட்டாதான் போட வேண்டும். அது காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். சாவேஜ் குழாயையே எடுத்துவிட்டார். ரிசீவருக்குள் நூற்கண்டுபோல ஒரு ராட்டினம், அதன் பள்ளங்களில் ஐந்து தோட்டா. கூர்முனை தாராளமாகப் போடலாம். தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கிற சுத்தியல் வெளியே தெரியாது. இடப்பக்கம் சின்ன ஜன்னல், அதில் பித்தளையில் பொறித்த எண் 5, 4, 3 என்று இறங்கும். அந்த ஜன்னலைக் காட்டாமல் நான் யாரையும் வீட்டிலிருந்து அனுப்பியதில்லை.

என்னுடையது 1951-ல் செய்தது, .300 சாவேஜ். 2015-ல் 800 டாலர். அந்தத் தோட்டா 1920-ல் வந்தது, பிற்பாடு அமெரிக்க ராணுவம் .308 தோட்டாவை உருவாக்கியபோது ஆரம்பப் பரிசோதனைகள் இதை வைத்துத்தான் நடந்தன. 24 அங்குலக் குழல், 200 கெஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் ஐந்தையும் போடும், அதற்கு என் பங்கு குறைவுதான். அழகில் ஐந்தில் இதுதான் முதல். ஆனால் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது. 2020 இறுதியில் தட்டுப்பாடு வந்தபோது எட்டு மாதம் ஒரு பெட்டிகூடக் கண்ணில் படவில்லை. உள்ளே பிரிக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. பழையது வாங்கினால் ரிசீவரின் வால் கட்டைக்குள் நுழைகிற இடத்தை விளக்கடியில் பாருங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் வேண்டாம். அந்த இடத்தில் மரம் மெல்லிசு.

சரி, மார்லின் 336.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஸ்டீல்டன் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இங்கே வீடு வாங்கிய வருடத்திலிருந்து பழக்கம். நான் வின்செஸ்டரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் சொன்னார்: காட்டில் எட்டு மணி நேரம் சுமக்கிறோம், இரண்டு நொடிதான் சுடுகிறோம், சாயங்காலம் வந்து பத்து நிமிடம் துடைக்கிறோம். மூன்றுக்கும் ஒத்துவருகிற துப்பாக்கிதான் நல்ல துப்பாக்கி. 94 சுமக்க நல்லது, சாவேஜ் சுட நல்லது என்பது எனக்கே தெரியும். மூன்றையும் சேர்த்து நான் யோசித்ததில்லை. 2016-ல் முழங்கால் அவரை மலை ஏற விடவில்லை. தன் 336-ஐ 350 டாலருக்கு எனக்குத் தருவதாகச் சொன்னார். துப்பாக்கிக் கடை வழியாகவே, துப்பாக்கி வாங்குபவர் நிரப்புகிற 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்பி, மாற்றிக்கொண்டோம்.

வரிசை எண் 22-ல் தொடங்குகிறது. 1973-க்குப் பிறகான பழைய மார்லின்களில் முதல் இரண்டு இலக்கத்தை 100-லிருந்து கழித்தால் தயாரித்த வருடம் வரும். 78. அவர் அந்த வருடமே புதிதாக வாங்கியதாம். குழலில் ரிசீவருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நீள்வட்டத்துக்குள் ஜே.எம். முத்திரை, ஜான் மார்லினின் எழுத்துகள். மார்லினின் நார்த் ஹேவன் தொழிற்சாலைக் காலத்தின் அடையாளம் அது. 336 மாடல் 1948-ல் வந்தது. ரிசீவரின் மேற்பக்கம் மூடிய எஃகு, கூடு வலப்பக்கமாக வெளியேறும். அதனால் மேலே தொலைநோக்கி பொருத்தலாம், அதற்கான துளைகள் தொழிற்சாலையிலேயே போட்டிருக்கும். குறைந்த பெருக்கத்தில் ஒன்றைப் பொருத்தினேன். கண் பிரச்சினை அன்றே தீர்ந்தது.

எடை 7 பவுண்டு, அதாவது 3 கிலோவுக்குச் சற்று மேல். 94-ஐவிட ரிசீவர் கொஞ்சம் பருமன், கையில் அவ்வளவு மெல்லிசாக உட்காராது. அதை மறைக்க மாட்டேன். தொலைநோக்கி ஏறியபின் சமநிலையும் சற்று மாறும். வால்நட் கட்டையில் பெரியவர் எப்போதோ முள்கம்பி வேலி தாண்டியபோது விழுந்த நீளக் கீறல் இருக்கிறது. மெருகேற்றித் தரட்டுமா என்று பட்டறையில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

ஆனால் இதை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் சமையலறை மேசையில் இருக்கிறது. தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, லீவரைப் பாதி திறந்து, அது சுழல்கிற ஒரே ஒரு திருகைக் கழற்றுங்கள். சரியான அகலமுள்ள ஸ்குரூடிரைவர் வேண்டும், இல்லையென்றால் திருகின் தலை சிதையும். லீவர் கீழே வந்துவிடும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்னால் அடைக்கிற போல்ட்டைப் பின்னால் இழுத்தால் முழுதாகக் கைக்கு வரும், உருண்டையாக, பளபளவென்று. இப்போது ரிசீவருக்குள் இடப்பக்கச் சுவரில் சுண்டுவிரலைவிட மெலிந்த ஒரு துண்டு தொளதொளவென்று நிற்கும். கூட்டை வெளியே தட்டுகிற எஜெக்டர் அது. அதை எடுத்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள், மேசைக்கு அடியில் விழுந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். பின்பக்கத்திலிருந்து நேராகக் குழலுக்குள் வெளிச்சம் தெரியும். துப்புரவுக் கம்பியைப் பின்னாலிருந்தே விடலாம், வாய்ப்பக்கம் தேயாது. துப்பாக்கி துடைக்கிற ஹாப்பீஸ் 9 திரவத்தின் வாசனை, மண்ணெண்ணெயில் வாழைப்பழத்தை ஊறவைத்ததுபோல, வீடு முழுக்கப் பரவும். என் மனைவி ஜன்னலைத் திறந்துவிடுவாள். மாட்டும்போது எஜெக்டர் முதலில், பிறகு போல்ட், பிறகு லீவரின் நுனியை போல்ட்டின் பள்ளத்தில் சேர்த்துத் திருகு. முதல்முறை எனக்கு 40 நிமிடம் ஆனது. இப்போது ஐந்து நிமிடம். ஈரப்பனியில் ஒரு நாள் முழுக்க நனைந்து வந்த ரைஃபிளை அன்று இரவே இப்படித் திறந்து உலர்த்த முடிகிறது. 94-ஐ இப்படிப் பிரிக்க ஊசிகளைத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். 99-ஐ நான் தொடவே மாட்டேன்.

2017 நவம்பர் 27, திங்கட்கிழமை. அப்போதெல்லாம் தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கள்தான் ரைஃபிள் சீசனின் முதல் நாள், பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. 2019-லிருந்து சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியுமாக இருட்டிலேயே ஏறி ஒரு ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். ஒன்பதேகால் மணிக்கு லாரல் புதருக்குள் ஒரு கொம்பு நகர்ந்தது. சுத்தியலை இழுக்கும் 'கிளிக்' கேட்கக்கூடாது என்று விசையை லேசாக அழுத்தியபடி பின்னால் இழுத்து, விசையை விட்டு, சுத்தியலை நிறுத்தினேன், பெரியவர் சொல்லிக்கொடுத்தது. 60 கெஜம். 170 கிரெயின் எடையுள்ள தட்டை மூக்குத் தோட்டா. மான் முப்பது அடி போய்ப் படுத்தது. நான் பார்த்தபோது கூடு வலப்பக்கம் இலைமேல் கிடந்தது, அடுத்த ரவுண்டு உள்ளே இருந்தது. லீவரை எப்போது இழுத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. அந்த வாரம் மனைவி மிளகு தூக்கலாகச் சுக்கா செய்தாள். மான்கறியில் கொழுப்பே இல்லாததால் நல்லெண்ணெய் இரண்டு கரண்டி கூடப் பிடித்தது. பெரியவருக்கு ஒரு டப்பா கொடுத்தேன். காரம் தாங்காமல் தண்ணீர் குடித்துக் குடித்து முழுவதையும் சாப்பிட்டார்.

.30-30 தோட்டா 1895-லிருந்து சந்தையில் இருக்கிறது. 150 கிரெயின் தோட்டா நொடிக்கு 2,390 அடி வேகத்தில் புறப்படும். இந்தக் காட்டுக்கு இது போதும், 150 கெஜம் வரை தயங்காமல் நம்பலாம். அதற்குமேல் போக வேண்டுமானால் ஹார்னடியின் மென்மையான பாலிமர் முனைத் தோட்டா இருக்கிறது. கூர்முனைதான், ஆனால் முனை ரப்பர்போல அமுங்குவதால் குழாய் மேகசினிலும் போடலாம். பெட்டி விலை நான் 2011-ல் கொடுத்ததைப்போல இரண்டு மடங்காகிவிட்டது.

புதிது வாங்குவதா பழையதா? மார்லின் பெயரை 2020-ல் ரூகர் வாங்கியது, 2023-லிருந்து 336 கிளாசிக் வட கரோலினாவின் மேயோடனில் தயாராகிறது. நண்பர் ஒருவருடையதில் 20 ரவுண்டு சுட்டேன். மரமும் இரும்பும் சேர்கிற இடத்தில் தாள்கூட நுழையாது, லீவர் வழவழப்பு. விலை 1,200 டாலரைத் தாண்டுகிறது. கொடுக்க முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். பழையதென்றால் 70-கள், 80-களின் தொடக்கத்தில் வந்த ஜே.எம். முத்திரை 336-ஐத் தேடுங்கள், திருகுகளின் தலை சிதையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சிதைந்திருந்தால் யாரோ தெரியாதவர் உள்ளே கைவைத்திருக்கிறார் என்று அர்த்தம். டம்மி தோட்டாவை மறக்காதீர்கள்.

இங்கே இருக்கும் நண்பர்கள் இருவருக்கும் என் பதில் இதுதான்: முதலில் ஹென்றி, ஒரு வருடம் கழித்து 336. டெக்சாஸ் நண்பருக்கு மட்டும் வேறு பதில். அவர் அனுப்பிய படத்தில் மேய்ச்சல் நிலம் அடிவானம் வரை போகிறது, புதர் முழங்கால் உயரம். அங்கே 200 கெஜம் சாதாரணம். அவர் சாவேஜ் 99 தேடட்டும், ஆனால் .300 வேண்டாம், .308-ல் வந்த 99-ஐயே தேடட்டும். தோட்டாவுக்கு அலைய வேண்டாம். கிடைக்கும்வரை என்னுடையதை எடுத்துப் பார்க்க வீட்டுக்கு வரட்டும், ஜன்னலைக் காட்டுகிறேன்.